28 நிமிடத்தின் ஆயுள்: நிக் ட்ரேக்கின் 'பிங்க் மூன்'

1972 பிப்ரவரி 25 அன்று லண்டனின் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. பதினொரு பாடல்கள், மொத்தம் 28 நிமிடம். ஒரு கிட்டார், ஒரு குரல். ஒரே ஒரு பாடலில் மட்டும் கொஞ்சம் பியானோ. எழுதி, மெட்டமைத்து, வாசித்துப் பாடிய நிக் ட்ரேக்குக்கு அப்போது வயது 23. அந்தத் தட்டுக்காக அவர் மேடை ஏறவில்லை, பேட்டி கொடுக்கவில்லை. தட்டு விற்கவும் இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை அவருடைய மூன்று ஆல்பங்களில் எதுவுமே 5,000 பிரதிகளைத் தாண்டவில்லை என்பார்கள். 1974 நவம்பர் 25 அன்று, 26 வயதில், பெற்றோர் வீட்டில் அவர் இறந்துபோனார்.

இன்று அந்த மூன்றில் மிகக் குறைவான ஆட்களோடு, மிகக் குறைந்த நேரத்தில் பதிவான 'பிங்க் மூன்' உலகெங்கும் கேட்கப்படுகிறது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003இல் போட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. அது வந்தபோது பிறந்தே இராதவர்கள் அதன் விரல் வரிசைகளைப் பழகுகிறார்கள்.

இப்படித் திரும்பி வந்த ஆல்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்வார்கள்: உலகம் புரிந்துகொள்ளவில்லை, கலைஞன் மாண்டான், காலம் நீதி வழங்கியது. எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. காலம் தானாக யாருக்கும் எதையும் வழங்குவதில்லை. அதே ஆண்டில் வந்து சுவடே இல்லாமல் போன நல்ல தட்டுகள் எத்தனையோ. 'பிங்க் மூன்' பிழைத்ததற்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய காரணங்கள் உண்டு. ஒன்று தட்டுக்குள்ளேயே இருக்கிறது: அது பிறந்த ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் ஒலி எதுவும் அதில் இல்லை. மற்றொன்று தட்டுக்கு வெளியே, ஒரு கம்பெனி கைமாறியபோது ஒருவர் பிடிவாதமாகச் சேர்த்த ஒரு நிபந்தனை.

ரங்கூனிலிருந்து செல்சி வரை

நிக் பிறந்தது 1948 ஜூன் 19, ரங்கூனில். அப்பா ரோட்னி ட்ரேக் அங்கே பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் பொறியாளர். பெயரைக் கேட்டதும் திருநெல்வேலிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருடக் குத்தகைக்குக் காட்டை வாங்கி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை உண்டாக்கிய அதே கம்பெனிதான். நிக்குக்கும் மாஞ்சோலைக்கும் வேறு தொடர்பு இல்லை. ஆனாலும் அவர் வீட்டின் வசதி எந்த உலகத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

குடும்பம் இங்கிலாந்து திரும்பி, வார்விக்‌ஷரில் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் குடியேறியது. அம்மா மோலி பியானோ வாசித்துத் தானே பாடல் எழுதிப் பாடுவார். 1950களில் ரோட்னி வீட்டிலேயே பதிவுசெய்து வைத்த அந்தப் பாடல்கள் 2013இல் தட்டாக வந்தன. அவற்றைக் கேட்டவர்களுக்கு மகனின் ஸ்வரச் சேர்க்கைகள் எங்கிருந்து வந்தன என்பதை விளக்கவே வேண்டாம். அந்தத் தயங்கிய துக்கம், வரி முடியும் இடத்தில் எதிர்பாராமல் திரும்பும் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), எல்லாம் அம்மாவிடமே இருக்கின்றன.

கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்த நிக், லண்டனில் ஒரு நிகழ்ச்சியில் வாசித்ததை ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ் பார்த்தார்; தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் சொன்னார். அமெரிக்கரான பாய்ட் லண்டனில் விட்ச்சீசன் என்ற நிறுவனம் நடத்திவந்தார். 1969இல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' வந்தது. கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கர்பி எழுதிய வயலின், செல்லோ வரிகள் அதில் உண்டு. அழகான தட்டு, விற்கவில்லை. 1971இல் வந்த 'பிரைட்டர் லேட்டர்' இன்னும் பெரிய ஏற்பாடு. டிரம்ஸ், பேஸ், சாக்ஸஃபோன், இரண்டு பாடல்களில் ஜான் கேலின் வாசிப்பு, ஒரு பாடலில் டோரிஸ் ட்ராயும் பி. பி. ஆர்னால்டும் பின்பாட்டு. அதுவும் விற்கவில்லை.

மேடையில் நிக்குக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவருடைய பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் கிட்டாரின் தந்திகளை வேறு வேறு விதமாகச் சுருதி சேர்க்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு நின்று தந்திகளைத் திருகிக்கொண்டிருப்பார், சபையோரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். பீர் குடித்தபடி பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடும். கொஞ்ச நாளில் மேடையையே விட்டுவிட்டார். வளர்ந்த நிக் ட்ரேக் வாசிப்பதைக் காட்டும் திரைப்படத் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. அவர் கொடுத்ததாக அச்சில் இருப்பது 1971இல் சவுண்ட்ஸ் பத்திரிகையில் வந்த ஒரே ஒரு பேட்டி.

இரண்டு இரவுகள்

1971 தொடக்கத்தில் ஜோ பாய்ட் விட்ச்சீசனை ஐலண்டுக்கு விற்றுவிட்டு, வார்னர் பிரதர்ஸின் சினிமா இசைப் பிரிவில் வேலை பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். அடுத்த தட்டு கிட்டாரும் குரலும் மட்டும்தான் என்று அவர் போவதற்கு முன்பே நிக் அவரிடம் சொல்லியிருந்தார். 'பிரைட்டர் லேட்டர்' தன்னுடையதைவிடப் பாய்டும் கர்பியும் செய்த தட்டு என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். இதற்குள் மனச்சோர்வு முற்றி, மருத்துவரிடம் காட்டி மாத்திரை எடுக்கத் தொடங்கியிருந்தார். ஐலண்டின் தலைவர் கிறிஸ் பிளாக்வெல் ஸ்பெயினில் இருந்த தன் வீட்டைத் தங்கக் கொடுத்தார். அங்கிருந்து திரும்பி வந்ததும் நிக் அழைத்தது ஜான் வுட்டை.

ஜான் வுட் ஒலிப்பதிவுப் பொறியாளர். செல்சியில், முன்பு பால்பண்ணையாக இருந்த ஒரு கட்டடத்தில் சவுண்ட் டெக்னிக்ஸ் என்ற ஸ்டுடியோவை ஜெஃப் ஃப்ராஸ்டோடு சேர்ந்து நிறுவியவர். பிங்க் ஃபிளாய்டின் முதல் சிங்கிள் பதிவானது இங்கேதான். முதல் இரண்டு ஆல்பங்களையும் பதிவுசெய்தவர் என்பதால் நிக்கின் மௌனம் வுட்டுக்குப் பழகியிருந்தது. பகல் முழுக்க ஸ்டுடியோவுக்கு முன்பதிவு இருந்தது; இரவு பதினொன்றுக்குமேல்தான் இடம் காலி. 1971 அக்டோபர் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு இரவுகள். உள்ளே இரண்டே பேர்.

வேறு யாராவது வாசிக்க வருகிறார்களா என்று வுட் எதிர்பார்த்திருக்கிறார். நிக் வேண்டாம் என்றுவிட்டார். தலைப்புப் பாடலில் பியானோ மட்டும் பிறகு மேலே சேர்க்கப்பட்டது. அதையும் அவரே வாசித்தார். முந்தைய தட்டுகளில் ஒவ்வொரு டேக்கையும், அதாவது ஒவ்வொரு முறை பாடிப் பதிந்ததையும், சலித்து எடுத்த ஆள் இவர். இந்த முறை எதை வைத்துக்கொள்ளட்டும் என்று வுட் கேட்டபோது, எல்லாவற்றையும் என்றாராம். வுட் பிற்பாடு சொன்ன செய்தி இது. எனக்கு இந்தத் தட்டைப் பற்றிய செய்திகளிலேயே முக்கியமானது இதுதான். விட்டுவிட்டவனின் அலட்சியமாக இதைப் படிப்பவர்கள் உண்டு. தட்டைக் கேட்டால் அப்படித் தோன்றாது. ஒரு தந்தி பிசகவில்லை, ஒரு வரி தடுமாறவில்லை. என்ன வேண்டும் என்று முன்பே முடிவெடுத்துவிட்டு வந்த ஆளின் பதில் அது.

டேப்பை ஐலண்ட் அலுவலக வரவேற்பறை மேசையில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார் என்ற கதை வெகுகாலம் சுற்றியது. உண்மையில் பிளாக்வெல்லின் கையிலேயே கொடுத்தார். ஆனால் இப்படி ஒரு பதிவு நடப்பதே ஐலண்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தது என்பது மெய். உறைக்குக் கீத் மோரிஸ் எடுத்த படங்கள் பயன்படாமல் போயின. நிக் அவற்றில் அத்தனை ஒடுங்கித் தெரிந்தார். பதிலுக்கு மைக்கேல் ட்ரெவிதிக் வரைந்த, ஓவியர் டாலியை நினைவூட்டும் கனவுக் காட்சி ஓவியம் அட்டையில் ஏறியது. உள்ளே இருக்கும் இசையோடு அதற்கு ஒட்டுதலே இல்லை என்பது என் எண்ணம். தட்டில் 1972ஐச் சேர்ந்தது என்று ஏதாவது இருக்கிறது என்றால் அந்த அட்டைதான்.

ச-ப-ச-ம-ச-க

சாதாரணக் கிட்டாரின் ஆறு தந்திகள் தடித்ததிலிருந்து ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ என்று நிற்கும். தலைப்புப் பாடலுக்கு நிக் அவற்றை சி-ஜி-சி-எஃப்-சி-ஈ என்று மாற்றினார். நாலு தந்திகள் இறங்குகின்றன, ஒன்று ஏறுகிறது, கடைசித் தந்தி மட்டும் அப்படியே நிற்கிறது. சியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் கிடைப்பது ச-ப-ச-ம-ச-க. மூன்று ஸ்தாயிகளில் மூன்று ஷட்ஜம், அடியில் ஒரு பஞ்சமம். எதையும் அழுத்தாமல் விரலை ஓட்டினாலே தம்புராவை மீட்டியதுபோல ஒரு தரை விரிகிறது. அதன் மேல் சுத்த மத்யமமும் அந்தர காந்தாரமும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள். ஒன்றோடொன்று இழைந்தும் இழையாமலும் ஓர் உரசல். கிட்டார்க் கழுத்தின் இரண்டாவது ஃப்ரெட்டில், தந்திகளை ஒருசேர அழுத்தும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு எல்லாவற்றையும் ஒரு முழுஸ்வரம் ஏற்றுகிறார். கேட்டதும் வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதியும் கதவு இன்னும் மூடவில்லை என்ற உணர்வும் ஒருசேர வருகிறதே, அது வந்த வழி இதுதான். கிட்டார் வைத்திருப்பவர்கள் இப்போதே தந்திகளை மாற்றி மீட்டிப் பார்க்கலாம். ஒரே மீட்டலில் புரிந்துவிடும்.

பாட்டில் சொற்கள் மிகக் குறைவு. இளஞ்சிவப்பு நிலா வந்துகொண்டிருக்கிறது, அது உங்கள் எல்லோரையும் பிடிக்கும், யாரும் அதற்குமேல் உயர நிற்க முடியாது, ஏறக்குறைய அவ்வளவுதான். பாதிக்கு வரும்போது பியானோ ஒருமுறை மேலே மிதந்து இறங்குகிறது. இரண்டு நிமிடம் ஆறு வினாடியில் முடிந்துவிடுகிறது. ஆல்பம் முழுவதிலும் கிட்டாரும் குரலும் தவிர்த்த ஒலி அந்தச் சில விநாடிகள் மட்டுமே. அதன் பிறகு வரும் பத்துப் பாடல்களில் அந்தப் பியானோவுக்காகக் காது காத்திருக்கிறது, அது வருவதே இல்லை.

குரலும் கிட்டாரும் சேர்ந்து நடக்கும் விதம் தனி. கட்டைவிரல் கடிகாரம் தோற்கும் சீரில் அடித்தந்திகளைத் தொட்டுப் போகிறது. குரலோ தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நுழைகிறது, ஆவர்த்தம் முடிந்த பிறகும் வரியை நீட்டுகிறது. சமத்தில் வந்து விழ அதற்கு அவசரமே இல்லை. 'ரோட்', 'விச் வில்', 'திங்ஸ் பிஹைண்ட் த சன்' மூன்றையும் கிட்டாரை மட்டும் கவனித்து ஒருமுறை, குரலை மட்டும் கவனித்து ஒருமுறை கேட்டால் இரண்டு தனி மனிதர்கள் மாதிரி இருக்கும். ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டையும் செய்தார் என்பதை நம்பச் சிரமமாக இருக்கும்.

ஆறாவது பாடலுக்குப் பின் வருவது 'நோ' (Know). நாலே வரி. உன்னை நேசிக்கிறேன் என்று உனக்குத் தெரியும், எனக்கு அக்கறை இல்லை என்றும் தெரியும், உன்னைப் பார்க்கிறேன் என்று தெரியும், நான் அங்கே இல்லை என்றும் தெரியும். இதைச் சொல்வதற்கு ஒரே சிறு விரல் வரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்து, மேலே வாய்மூடி முனகுகிறார். 'ஹார்ன்' என்ற ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான துண்டில் சொல்லே இல்லை. ஒற்றை ஒற்றை ஸ்வரங்கள், நடுவில் இடைவெளி. அதை நிரப்பலாம் என்று எந்தத் தயாரிப்பாளரும் துடித்திருப்பார். அன்று அங்கே அப்படித் துடிப்பவர் யாரும் இல்லாதது நமக்கு லாபம்.

ஒரு தட்டின் வயதை அதன் டிரம்ஸ் ஒலி சொல்லிவிடும், எதிரொலி சொல்லும், பின்பாட்டுச் சொல்லும். 'பிரைட்டர் லேட்டர்' எனக்குப் பிடித்த தட்டுதான். ஆனாலும் சாக்ஸஃபோன் நுழைந்த கணமே நாம் 1970இன் லண்டனில் நிற்கிறோம். 'பிங்க் மூன்' பதிவில் மர உடலுள்ள ஒரு கிட்டாரும் பக்கத்தில் வைத்த மைக்கும் மூச்சும் மட்டும். அப்படி ஒரு பதிவை 1961இலும் எடுத்திருக்கலாம், நேற்றும் எடுத்திருக்கலாம். 2005இல் தன் அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முதன்முறை கேட்ட ஒரு மாணவருக்கு இது பழைய தட்டு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஸ்டுடியோக் கலையில் இதைவிட நிறையச் சாதித்த தட்டுகள் அதே மாதத்தில் வந்திருக்கின்றன, அவை இன்று அருங்காட்சியகத்தில் மதிப்போடு இருக்கின்றன.

பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது

இனி வெளிக்காரணம். இசைக் கம்பெனிகளில் 'டெலீட்' செய்வது என்ற வழக்கம் உண்டு. ஒரு தட்டு விற்கவில்லையா, சில வருடங்களில் கேட்டலாகிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மீதிப் பிரதிகள் பாதி விலைக்கு மூலையில் கொட்டப்படும், புதிதாக அச்சிட மாட்டார்கள். ஒரு சிற்றூர்க் கடையில் போய் அந்தத் தட்டு வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் கேட்டலாகைப் புரட்டிவிட்டு இல்லை என்பார். கதை அங்கே முடிந்தது. இன்டர்நெட்டுக்கு முந்தைய உலகில் ஓர் ஆல்பம் சாவது இப்படித்தான். யாரும் வெறுத்து ஒதுக்கிச் சாவதில்லை. ஆர்டர் செய்ய வழியில்லாமல் சாகிறது.

விட்ச்சீசனை விற்றபோது ஜோ பாய்ட் ஐலண்டிடம் ஒரு நிபந்தனை வைத்தார்: நிக் ட்ரேக்கின் தட்டுகளை ஒருபோதும் கேட்டலாகிலிருந்து நீக்கக் கூடாது. பிளாக்வெல் ஒப்புக்கொண்டார். அப்போது விற்காத இரண்டு தட்டுகள்தான் இருந்தன. வியாபாரக் கணக்கில் அந்த நிபந்தனைக்கு மதிப்பே கிடையாது. பாய்ட் அதைக் கேட்டதற்கு அந்தப் பாடல்கள் மேல் அவருக்கிருந்த உறுதி ஒன்றுதான் காரணம். அவர் இல்லாமல் பதிவான 'பிங்க் மூன்' பாய்டுக்கு முதலில் மனதுக்கு ஒப்பவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தனக்குப் பிடிக்காத தட்டையும் சேர்த்தே அவர் காப்பாற்றினார்.

இதன் பலன் உடனே தெரியவில்லை. 1970களின் கடைசியில் நண்பர் வீட்டில் கேட்டவர் மறுநாள் கடையில் ஆர்டர் கொடுக்க முடிந்தது. டான்வொர்த் கிராமத்துக்குத் தேடி வரும் ரசிகர்களை ரோட்னியும் மோலியும் உள்ளே அழைத்து, மகனின் வீட்டுப் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். 1979இல் மூன்று ஆல்பங்களையும் கடைசிக்காலப் பாடல்களையும் சேர்த்து 'ஃப்ரூட் ட்ரீ' என்ற பாக்ஸ் செட் வந்தது. அதுவும் சரியாக விற்காமல் 1983இல் நிறுத்தப்பட்டது. பாய்ட் விடவில்லை, 1986இல் தன்னுடைய ஹானிபல் நிறுவனத்தில் மறுபடி வெளியிட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் ட்ரீம் அகாடெமி என்ற குழு நிக்குக்குக் காணிக்கையாக்கிய ஒரு பாடல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஹிட் ஆகி, யார் இந்த நிக் ட்ரேக் என்று வானொலிக்காரர்களைக் கேட்க வைத்திருந்தது. 1992இல் பாடகி லூசிண்டா வில்லியம்ஸ் 'விச் வில்' பாடலைத் தன் ஆல்பத்தில் பாடினார். இப்படித்தான், இருபது வருடமாக, பாடுகிறவர்கள் பாடுகிறவர்களுக்குச் சொன்னார்கள்.

அந்த வருடங்களில் கிட்டார்க்காரர்களுக்கு இன்னொரு ஈர்ப்பும் இருந்தது. நிக் சுருதிகளை எழுதி விளக்கி வைக்கவில்லை. வாசிக்கும் கையைப் பார்க்கப் படச்சுருளும் இல்லை. தட்டை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தத் தந்தி எதில் நிற்கிறது, கேப்போ எங்கே என்று காதால் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் ஒன்று சொல்ல இன்னொருவர் மறுப்பார். தட்டை இருநூறு முறை கேட்டவர்கள் பலர் அதை இந்தப் புதிருக்காகவே கேட்டார்கள். ஒரு பாட்டைக் கைக்குள் கொண்டுவர முயன்றவன் அதை மறப்பதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கும் கற்றுக்கொடுப்பான்.

நிலா வெளிச்சத்தில் ஒரு கார்

1999 இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஃபோக்ஸ்வாகன் கப்ரியோ காருக்கு ஒரு விளம்பரம். இயக்கியவர்கள் ஜொனாதன் டேட்டன், வேலரி ஃபாரிஸ். கூரை திறந்த காரில் நாலு இளைஞர்கள் நிலவொளியில் போகிறார்கள், யாரும் பேசுவதில்லை. விருந்து நடக்கும் ஒரு வீட்டு வாசலில் கார் நிற்கிறது. கூச்சல் கேட்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், இறங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி இருட்டுக்குள் போய்விடுகிறார்கள். பின்னணியில் 'பிங்க் மூன்'.

விற்பனை எகிறியது. அமெரிக்காவில் அதுவரை வருடத்துக்குச் சுமார் 6,000 பிரதி விற்றுவந்த ஆல்பம் 2000ஆம் ஆண்டில் 74,000 விற்றது. 28 வருடப் பழைய தட்டு. பழைய ரசிகர்கள் பலருக்குக் கோபம்: கார் விற்கவா இந்தப் பாட்டு? அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த விளம்பரத்தை எடுத்தவர்கள் பாடலைச் சரியாகக் கேட்டிருந்தார்கள் என்பதை மறுக்க முடியவில்லை. விருந்துக்குள் போகாமல் திரும்புகிற அந்த முடிவுதான் இந்தத் தட்டு முழுக்க ஓடுவது. கூச்சல் போட்டு விற்கும் விளம்பரங்களுக்கு நடுவே ஒரு நிமிடம் மெதுவான குரல் வந்ததும் வீட்டில் வேறு வேலையாக இருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள்.

இங்கேதான் பாய்டின் நிபந்தனைக்கு அர்த்தம் வருகிறது. விளம்பரத்தைப் பார்த்து மறுநாள் கடைக்கு ஓடியவர்களுக்குத் தட்டு அங்கே இருந்தது. விளம்பரத்தால் புகழ் கிடைத்தது என்று சுருக்கமாகச் சொல்கிறவர்கள் அந்த விளம்பரக்காரர்கள் பாட்டை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசிப்பதில்லை. கேட்டலாகில் இல்லாத தட்டு அவர்கள் காதுக்கும் எட்டியிருக்காது. பிறகு சினிமாக்கள் வந்தன. 2001இலிருந்து ஹாலிவுட் படங்களில் நிக்கின் முந்தைய தட்டுகளின் பாடல்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. 2004இல் பிபிசி வானொலியில் பிராட் பிட் குரலில் ஓர் ஆவண நிகழ்ச்சியே வந்தது. இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஓடத் தொடங்கியிருந்தது.

மரணத்தை வைத்துக் கேட்பது

நிக்கின் மறைவு தற்கொலை என்றது மரண விசாரணை. அவரை அறிந்தவர்களிடையே அதில் ஒத்த கருத்து இல்லை. எப்படியிருந்தாலும், அந்த மறைவு இந்தத் தட்டின் மேல் நிரந்தரமாக விழுந்துவிட்டது. 'பிங்க் மூன்' என்றால் இறுதிக் கடிதம், சாகப்போகிறவனின் குரல் என்றே எழுதுகிறார்கள். இந்தப் பிம்பம் தட்டை விற்க உதவியிருக்கிறது, கேட்கவிடாமலும் செய்திருக்கிறது.

தேதிகளைப் பாருங்கள். பதிவு 1971 அக்டோபர், மறைவு 1974 நவம்பர், இடையில் மூன்று வருடம். 'பாரசைட்', 'திங்ஸ் பிஹைண்ட் த சன்' ஆகியவை அதற்கும் முன்பே எழுதப்பட்டவை; இரண்டாவதை 'பிரைட்டர் லேட்டர்' ஆல்பத்திலேயே சேர்க்கச் சொல்லிப் பாய்ட் கேட்டிருந்தார். 1974இல் நிக் மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்து சில பாடல்களைப் பதிவுசெய்தார். ஒரே நேரத்தில் பாடவும் வாசிக்கவும் முடியாமல் கிட்டாரை முதலில் பதிந்து, குரலைப் பின்னால் சேர்க்க வேண்டியிருந்தது. 'பிளாக் ஐட் டாக்' அந்தப் பதிவில் வந்தது. அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும், அடிக்கடி கேட்க முடிவதில்லை. நோயின் கடைசிக் கட்டம் எப்படி ஒலித்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு அது இருக்கிறது. 'பிங்க் மூன்' வேறு. நோய் கூடவே இருந்த ஒருவர், கைக்கட்டுப்பாடு முழுமையாக இருந்தபோது, மிகக் கவனமாகச் செய்த வேலை. நோய்தான் இந்த இசையைத் தந்தது என்பது எனக்கு மனதைப் புண்படுத்தும் பேச்சு. நோய் தந்தது 1974இன் அந்தத் தடுமாற்றம். அதன் பிறகு மௌனம்.

ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'ஃப்ரம் த மார்னிங்'. விடிகிறது, இரவு அழகாக இருந்தது, இப்போது நாம் எழுகிறோம், எங்கும் இருக்கிறோம் என்று போகிறது. வேகமான நடை, விரல்கள் துள்ளுகின்றன. சோகத் தட்டு என்று முத்திரை குத்துகிறவர்கள் இந்தப் பாட்டுக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்களோ என்று நினைப்பேன். குடும்பத்தினர் அதிலிருந்து ஒரு வரியை அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு

தலைப்புப் பாடலோடு தொடங்கவே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வேறு யோசனை. முதலில் 'திங்ஸ் பிஹைண்ட் த சன்'. நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, இந்தத் தட்டில் மிக நீளமானது. எச்சரிக்கையாகத் தொடங்கும் பாட்டு நடுவில் திடீரென்று வெளிச்சத்துக்கு வருகிறது, சுருதி மாறியதுபோலத் தோன்றும் அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள். அடுத்து 'ப்ளேஸ் டு பீ'. அதன் பிறகு முழு ஆல்பத்தையும் வரிசை மாற்றாமல், நடுவில் நிறுத்தாமல். வரிசை முக்கியம்: 'ஹார்ன்' தரும் வெறுமைக்குப் பிறகு 'திங்ஸ் பிஹைண்ட் த சன்' வருவது தற்செயல் இல்லை.

பிடித்துப்போனால் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' பக்கம் போகலாம். அதில் ஐந்து எண்ணிக்கையில் நடக்கும் 'ரிவர் மேன்' இருக்கிறது; கண்டச் சாப்பு பழகிய காதுக்கு உடனே பிடிபடும். அதற்கு ஹாரி ராபின்சன் எழுதிய வயலின் வரிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.